‘அதாவது?’ என்று நான் கேட்காத நாள்

கேள்வித்தாள் இனிக் கிடையாதாம். நான் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்த மனநல மையத்தில் இந்த ஆண்டு முதல் ஆளுமைச் சோதனையைக் கைப்பேசியிலேயே செய்கிறார்கள். வந்தவர் திரையைத் தொட்டுக்கொண்டே போவார். பத்து நிமிடத்தில் ஐந்து வண்ணப் பட்டைகளோடு அறிக்கை வந்துவிடும். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் உளவியலாளர் ஒருவர் இதை எனக்குக் காட்டிவிட்டு, “நீங்க இருந்தப்ப இதுக்கு எவ்ளோ நேரம் சார் ஆகும்?” என்று கேட்டார்.

“ஒன்றரை மணி நேரம்” என்றேன்.

“அவ்ளோ நேரம் என்ன சார் பண்ணுவீங்க?”

பதில் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். சொல்வதென்றால் வளர்மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை மையத்து வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் உளவியல் முதுகலை, பிறகு ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுப் பயிற்சி. எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் மகன் பைத்தியக்கார டாக்டருக்குப் படிக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். நான் டாக்டரும் இல்லை, மருந்து எழுதுகிறவனும் இல்லை என்று என் அப்பாவுக்கே கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பி, ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மையத்தில் சேர்ந்தேன். சோதனைகள் செய்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆளுமைப் பண்புகளை அளப்பது.

அதன் அடிப்படை எளிமையானது. ஒரு மொழி பேசுகிறவர்கள் மனிதர்களிடம் எதையெல்லாம் கவனிக்கத் தக்கது என்று கண்டார்களோ, அதற்கெல்லாம் ஒரு சொல் வைத்திருப்பார்கள். சிடுமூஞ்சி, வாயாடி, அமுக்குணி, கல்லுளிமங்கன், பொறுமைசாலி. இப்படிப்பட்ட சொற்களை அகராதியிலிருந்து பொறுக்கியெடுத்து, ஏராளமான பேரிடம் இது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டு, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டார்கள். சொற்கள் சில குவியல்களாகத் திரண்டன. ஐந்து குவியல் என்று இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்: புதியதை நாடுவது, பொறுப்பாக நடப்பது, கலகலப்பாகப் பழகுவது, இணங்கிப்போவது, மனம் எளிதில் தளும்புவது. இந்த ஐந்திலும் ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறோம். பெரும்பாலானவர்கள் நடுவில், சிலர் ஓரங்களில். அந்த இடம் வயதோடு மெல்ல நகருமே தவிர, சட்டென்று தாவாது. இதை நான் வேதம்போல நம்பினேன்.

என் மேலதிகாரி ரங்கநாயகி மேடம். தலைமை உளவியலாளர். குரலை உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். அறிக்கையை அவரிடம் வைத்தால் மறுநாள் காலையில் என் மேசைக்குத் திரும்பி வரும். எங்காவது ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் இருக்கும். ஏன் என்று எழுதியிருக்க மாட்டார். அது ஏன் தவறு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் மதியம்வரை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சேர்ந்த முதல் மாதத்தில் ஓர் அறிக்கையில் ‘இவர் சோம்பேறி’ என்று எழுதிவிட்டேன். அன்று மட்டும் வாய் திறந்தார்.

“மூர்த்தி, ஆள் எப்படின்னு எழுதாத. நீ என்ன கேட்ட, அவர் என்ன சொன்னார்னு எழுது. மிச்சம் உனக்குத் தெரியாது.”

நாங்கள் பயன்படுத்தியது அச்சடித்த தாள். நூற்றிருபது வாக்கியங்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சோதனையைத் தமிழில் ஆக்கியது. அது நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளரிடம் ‘எனக்குக் கூட்டம் பிடிக்கும்’ என்ற வாக்கியத்தைப் படித்தேன்.

“எந்தக் கூட்டம் சார்?” என்றார் அவர். “கருட சேவைக் கூட்டமா, ரேசன் கடைக் கூட்டமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார்.

திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமணப் பெரியவர். ‘நான் பொய் சொல்ல மாட்டேன்’ என்று படித்தேன். “இல்ல” என்றார். நான் ‘இல்லை’ கட்டத்தில் குறியிடப் போனேன். மேடம் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டார்: “அதாவது?”

“அதாம்மா. சொல்ல மாட்டேன்.”

திரும்பி வரும்போது பேருந்தில் மேடம் விளக்கினார். எதிர்மறை வாக்கியத்துக்கு நம் ஆட்கள் சொல்லும் ‘இல்லை’ ஒத்துக்கொள்வதாகவும் இருக்கலாம், மறுப்பதாகவும் இருக்கலாம். ‘கோபம் வராது’ என்று படித்து ‘இல்லை’ என்று பதில் வந்தால், வராது என்கிறார்களா, வரும் என்கிறார்களா? தாளுக்குத் தெரியாது. படித்தவர்கள் தாமே நிரப்பும்போது சற்று நின்று யோசிப்பார்கள். நாம் வாசித்துக் காட்டும்போது யோசிக்க மாட்டார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. மூலத்தில் ‘அமைதியாக இருப்பேன்’ என்ற பொருளில் இருந்தவையெல்லாம் தமிழில் ‘பதற மாட்டேன்’, ‘சண்டைக்குப் போக மாட்டேன்’ என்று மாறியிருந்தன. மனத் தளும்பலை அளக்கும் இருபத்துநான்கு வாக்கியங்களில் பதினாறு இப்படிப்பட்டவை. அச்சடித்த வாக்கியத்தை எங்கள் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. அதனால் மேடம் இரண்டு விதிகள் வைத்தார். வாசித்துக் காட்டும்போது எதிர்மறை வாக்கியம் வந்தால் ஒற்றைச் சொல் பதிலை ஏற்கக்கூடாது, ‘அதாவது?’ என்று கேட்டு, வந்தவர் வாயாலேயே விரித்துச் சொல்ல வைக்க வேண்டும். ஒரே விஷயத்தை நேராகவும் எதிராகவும் கேட்கும் ஜோடிகளில் மூன்றுக்கு மேல் முரண்பட்டால் தாளை ஒதுக்கிவிட்டு இன்னொரு நாள் கேட்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் ஆனது இதனால்தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் இந்த விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினேன். பதின்மூன்றாம் ஆண்டில், மேடத்தின் கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்து அவர் மூன்று மாதம் விடுப்பில் போயிருந்தபோது, நீதிமன்றத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது, பிரிந்துவிட்ட கணவன் மனைவியில் குழந்தை யாரிடம் இருப்பது என்று. தாய், தந்தை இருவரின் ஆளுமையையும் மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். கையெழுத்திடும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

தந்தை தயாளன். பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளர். பேச்சே மெல்லியதாக இருக்கும். புடவையை விரித்துக் காட்டுகிறவரின் பணிவோடு உட்கார்ந்து, தாளைத் தாமே படித்து நிரப்பிவிட்டுப் போனார். எல்லாமே நடுவில் இருந்தன. தாய் வளர்மதிக்கு இருபத்தாறு வயது. தாமல் கிராமத்தில் விவசாயக் குடும்பம். ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தபிறகு ஒரு வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதில் ஒரு பெண், பவித்ரா.

அவள் வருவதற்கு முன்பே அவளைப் பார்த்துவிட்டேன். கேட் பக்கம் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு பெண் எங்கள் காவலாளியின் மார்பில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். மின்விசிறி இரைச்சலில் என்ன பேசுகிறாள் என்று புரியவில்லை. கத்துவது மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து அதே பெண், கலைந்த முடியோடு, மூச்சு வாங்க, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வாசலில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்பது சோதனையில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்கத் தேவையில்லை என்று தோன்றிவிட்டது. பார்த்துவிட்டேனே.

வாக்கியங்களைப் படிக்கத் தொடங்கினேன். அவள் கண் அடிக்கடி ஜன்னலுக்குப் போனது.

“‘எனக்குச் சட்டென்று கோபம் வராது.’ ஆமாவா, இல்லையா?”

“இல்ல சார்.”

“‘சின்ன விஷயத்துக்கெல்லாம் பதற மாட்டேன்.’”

“இல்ல சார்.”

“‘யாரோடும் வீண் சண்டைக்குப் போக மாட்டேன்.’”

“இல்ல சார்.”

முதல் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ‘அதாவது?’ என்று கேட்க வாயெடுத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். கேட்காமல் விட்டேன். ஒன்றை விட்டபின் மற்றதை விடுவது எளிது. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. எழுந்து போகும்போது, “எல்லாம் சரியா சொன்னனா சார்?” என்று கேட்டாள். “போய்ட்டு வாம்மா” என்றேன்.

கூட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவர்கள் எட்டு, ஒன்பது வாங்கும் மனத் தளும்பலில் அவளுக்குப் பதினாறு. இணங்கிப்போவதில் அடிமட்டம். ஜோடிகளில் ஐந்து முரண்பட்டன. அங்கேயாவது நின்றிருக்க வேண்டும். ‘சட்டென்று கோபம் வரும்’ என்பதற்கும் இல்லை, ‘கோபம் வராது’ என்பதற்கும் இல்லை என்றால் தாள் செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கண்முன் ஒரு பெண் காவலாளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதனால் இப்படி எழுதினேன்: ‘எளிதில் சினம் கொள்பவர். பிறரோடு இணங்கிப்போகும் தன்மை குறைவு. மையத்துக்கு வந்த அன்றும் வாயிலில் தகராறில் ஈடுபட்டார். விடைகளில் உள்ள முரண்பாடு, உண்மையை மறைக்கும் முயற்சியாக இருக்கலாம்.’

வழக்கு முடியும்வரை குழந்தை தந்தையிடம் இருக்கட்டும் என்று உத்தரவானது.

மேடம் விடுப்பிலிருந்து திரும்பியதும், தாம் இல்லாத மூன்று மாதத்தில் வெளியே போன அறிக்கைகளின் நகல்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தார். இரண்டாவது வாரம் வளர்மதியின் கோப்பு என் மேசைக்கு வந்தது. சிவப்பு வட்டம் அறிக்கையில் இல்லை. கேள்வித்தாளில், நெடுகக் கீழிறங்கிய ‘இல்லை’ வரிசையைச் சுற்றி நீளமாக ஒரு வட்டம்.

பார்த்த கணமே புரிந்துவிட்டது.

“அதாவது கேட்டியா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம்.”

“முரண்பாட்டைப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு, அவ பொய் சொல்றான்னு எழுதியிருக்க.”

மேடம் காவலாளியைக் கூப்பிட்டு, அன்று வாசலில் என்ன நடந்தது என்று கேட்டார். அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

“அந்தம்மா வர்ற நேரத்துல அவங்க வூட்டுக்காரர் ஆட்டோல கெளம்பிக்கினு இருந்தாரும்மா. உள்ள குழந்த. இந்தம்மாவப் பாத்துட்டு குழந்த கைய நீட்டிச்சி. ஆட்டோ நிக்கல. அந்தம்மா ரோட்ல ஓடப் பாத்துச்சி. லாரி வந்துக்கினு இருந்துச்சி, நான்தான் புடிச்சி நிறுத்திட்டேன். அதுக்குத்தான் தள்ளிச்சி.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க கேக்கல சார்.”

அன்றே நீதிமன்றத்துக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மேடம் சொல்லச் சொல்ல எழுதலாம் என்று நினைத்தேன். அவர் மறுத்துவிட்டார். “தப்பு உன்னுது. வார்த்தையும் உன்னுதா இருக்கட்டும்.” முதல் படியில் ‘சில நடைமுறைக் காரணங்களால் பிழை நேர்ந்தது’ என்று எழுதினேன். ‘நேர்ந்தது’ மேல் வட்டம். இரண்டாம் படியில் ‘விடைகள் தவறாகப் பதிவு செய்யப்பட்டன.’ ‘செய்யப்பட்டன’ மேல் வட்டம். மூன்றாவதாக எழுதியது: ‘நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடைகளைப் பதிவு செய்தேன். இந்த அறிக்கையின் முடிவுகள் செல்லாது. இப்பெண் கோபக்காரர் என்பதற்கோ பொய் சொன்னார் என்பதற்கோ என்னிடம் ஆதாரம் இல்லை.’ மேடம் படித்துவிட்டு, தம் கையெழுத்தையும் கீழே போட்டார். அவர் போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடிதம் போய்விட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். தயாளன் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, ஒரே மையம் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது, மறுபடியும் சோதிக்கட்டும் என்றார். நியாயமான கோரிக்கைதான். நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் வாய்தாமேல் வாய்தாவாகி, மறு சோதனைக்கு அவள் எங்களிடம் வந்தபோது முதல் சோதனை நடந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பதினான்கு மாதத்தில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தயாளனின் அக்கா என் அறிக்கையை நகலெடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் காட்டினாள், வளர்மதியைக் கேட்டுக்குள் விடவில்லை. தெருவில் காட்டினாள். வளர்மதி நூல் சுற்றிய வீட்டிலும் காட்டினாள், வேலை போயிற்று. வளர்மதி எதிர்ச்சாரியில் நின்று குழந்தை பள்ளிக்குப் போவதைப் பார்ப்பாளாம். ஒருநாள் அதற்கும் சண்டை வந்து போலீஸ் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் முழுக்கப் படித்திருக்க மாட்டார்கள். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. அது போதும்.

இந்த முறை சோதனையை மேடமே செய்தார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வளர்மதி என்னை அடையாளம் கண்டுகொண்டு, எழுந்து வணக்கம் சொன்னாள். அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வேலைக் காலத்தின் மிக மோசமான நிமிடம். ஆள் பாதியாகியிருந்தாள். கை விரல்கள் புடவை ஓரத்தை விடாமல் நெருடிக்கொண்டிருந்தன.

மேடம் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் சொந்த வார்த்தையில் சொல்வதைத் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதினார். இரண்டரை மணி நேரம் ஆனது.

“‘சின்ன விஷயத்துக்கெல்லாம் பதற மாட்டேன்.’”

“இல்ல மேடம்.”

“அதாவது?”

“பதறுவேன்.” கொஞ்சம் யோசித்தாள். “நீங்க முன்ன கேக்கறீங்களா, இப்ப கேக்கறீங்களா? முன்ன பதற மாட்டேன். இப்ப யார்னா கதவ தட்னாகூட நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. அதுக்குத் தனியாக் கட்டம் இருக்குதா மேடம்?”

“இல்லம்மா” என்றார் மேடம். “நீ சொல்லு. நான் எழுதிக்கறேன்.”

“கோவமும் இப்ப வருது. எங்க அண்ணன் பசங்களப் பாத்தாகூட வருது. அதுங்க இன்னா பண்ணிச்சி பாவம்.”

அவள் போனபின் நானும் மேடமும் தனித்தனியாக மதிப்பெண் போட்டோம். அது எங்கள் வழக்கம். இருவர் எண்ணும் ஒன்றாக இருந்தது. மனத் தளும்பல்: பதினேழு. நான் தப்பாக அளந்ததைவிடவும் ஒன்று அதிகம். எந்த முரண்பாடும் இல்லை. எல்லா வகையிலும் செல்லக்கூடிய, குறையில்லாத தாள்.

மேடம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பண்பு சீக்கிரம் மாறாதுன்னு படிச்சோம். ஆயிரம் பேர எடுத்தா அது சரிதான். இவ ஒருத்திய எடுத்தா?” பேனாவை மூடினார். “இது அவளோட குணமா, நாம அவளுக்குப் பண்ணினதா? இத எப்படி மூர்த்தி எழுதறது?”

அவர் எழுதினார். நாலு பக்கம். இப்போது தெரிவது பிள்ளையைப் பிரிந்த வேதனையின் விளைவாகவே இருக்கலாம், பிள்ளை திரும்பக் கிடைத்தால் தணியக்கூடும், தாயின் இயல்பு என்று இதைக் கொள்ள வேண்டாம் என்றெல்லாம் எழுதினார். நீதிபதி அதை முழுக்கப் படித்தார். எங்களைக் கூப்பிட்டுப் பொறுமையாகக் கேள்விகள் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்வி: “இரண்டாவது சோதனையும் முதல் சோதனை சொன்னதையேதான் சொல்கிறதா, இல்லையா?” எண்ணைப் பார்த்தால் ஆமாம். மேடம் விளக்க ஆரம்பித்தார். ஆமாவா, இல்லையா என்றார் அவர்.

நீதிபதி குழந்தையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசினார். அம்மா அடிப்பாங்க, நான் போமாட்டேன் என்று குழந்தை சொன்னதாக உத்தரவில் இருந்தது. பவித்ரா தந்தையிடமே இருக்கலாம். தாய் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் எங்கள் மையத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அந்த ஞாயிறுகளில் நான் வேண்டுமென்றே பணிக்கு வந்தேன். வளர்மதி தாமலிலிருந்து முதல் பேருந்தில் வந்து காத்திருப்பாள். வேர்க்கடலை அவித்துக் கொண்டுவருவாள். குழந்தை அத்தையோடு வரும். அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். உள்ளே குழந்தை சுவரோரமாக நிற்கும். கடலையைத் தொடாது. “கிட்ட வா பாப்பா” என்றால் அழும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இப்படி. ஒரு ஞாயிறு வளர்மதி பாதியிலேயே எழுந்துவிட்டாள். என்னிடம் வந்து, “வேணாம் சார். என்னப் பாத்தா அதுக்கு பயமா இருக்குது. நான் இனிமே வரல” என்றாள். நான் இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். கடலைப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

மேடம் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அதன்பின் என்னிடம் வந்த எந்தத் தாளையும் ‘அதாவது’ கேட்காமல் நான் முடித்ததில்லை. அதனால் யாருக்காவது நன்மை நடந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. வளர்மதிக்கு நடக்கவில்லை.

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு கழித்து, போன ஆவணியில் ஒரு பிற்பகல், இருபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். லேமினேட் செய்தது, ஓரங்கள் மஞ்சளாகி உரிந்திருந்தன.

“சார், இதுல கையெழுத்து போட்டது நீங்கதான?”

முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அம்மா ஆடி மாசம் செத்துட்டாங்க” என்றாள். “மஞ்சக்காமாலையாம். எங்களுக்குத் தகவல் பதினாறாம் நாள்தான் வந்துச்சி. அத்தை பீரோல இது இருந்துச்சி. இதுல எழுதியிருக்கறதெல்லாம் உண்மையா சார்?”

எல்லாவற்றையும் சொன்னேன். ‘இல்லை’ என்ற சொல்லை நான் எப்படித் தப்பாகக் குறித்தேன் என்பதையும், கேட் வாசலில் ஆட்டோவிலிருந்து அவள் கை நீட்டியதையும், திருத்தக் கடிதத்தையும், இரண்டாம் சோதனையையும். நான் முடித்த பிறகு கேட்டாள்:

“நீங்க லெட்டர் எழுதினீங்க இல்ல. நான் யாருக்கு சார் எழுதறது?”

“என்னம்மா?”

“ஜட்ஜ் ரூம்ல நான் சொன்னதும் பொய்தான். அத்தை சொல்லிக் குடுத்தாங்க. அம்மா என்ன ஒரு நாள்கூட அடிச்சதில்ல. ஞாயித்துக்கெழம வந்தப்பகூட, நான் பொய் சொன்னது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், திட்டப் போறாங்கன்னுதான் அழுதேன். அம்மாவப் பாத்து பயப்படல சார்.”

“ஆறேழு வயசுக் குழந்தம்மா நீ...”

“தெரியும் சார். யார்கிட்ட சொன்னாலும் அததான் சொல்லுவாங்க.”

பிறகு அவளே கேட்டாள்: “ரெண்டாவது வாட்டி அம்மா சொன்னதெல்லாம் அப்படியே எழுதினாங்கன்னு சொன்னீங்களே, அது இருக்குதா?”

பழைய கோப்புகளை விதிப்படி எப்போதோ அழித்துவிட்டார்கள். ஆனால் நான் மூலையில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். சோதனையில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதை அன்று மீறினேன். நினைவில் இருந்ததைச் சொல்லச் சொல்ல அவள் கைப்பேசியில் தட்டிக்கொண்டாள். ‘எனக்குச் சிரிக்கப் பிடிக்கும்’ என்பதற்கு, “பாப்பா கூட இருந்தப்ப சிரிச்சிக்கினே இருப்பேன்.” ‘புதிய இடங்களுக்குப் போக விரும்புவேன்’ என்பதற்கு, “ஒரு வாட்டி மகாபலிபுரம் போனோம். பாப்பா அலையப் பாத்து ஒரே கத்து.” ‘எடுத்த வேலையை முடிப்பேன்’ என்பதற்கு, “இழ அறுந்தா முடி போட்டுத்தான் எழுந்திருப்பேன், அப்படியே வுட மாட்டேன்.” இப்படி ஏழு.

“இதெல்லாம் கோவமா சொன்னாங்களா சார்?”

“இல்லம்மா. எதையும் கோபமா சொல்லல. மெதுவாத்தான் சொன்னாங்க.”

அதையும் தட்டிக்கொண்டாள். எழுந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஓசூர் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, அந்த வாரமே கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அவள் போய் நான்கு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எட்டாவது ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் அவள் எண்ணை வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் விசாரித்துக்கொண்டு தயாளன் வீட்டுக்குப் போனேன். நரைத்துப்போயிருந்தார். குரல் அதே மென்மை. “அது எங்ககூட பேச்சு வார்த்த இல்லாம போயிடுச்சி சார். நம்பரும் மாத்திடுச்சி. நீங்க போங்க” என்றார். ஓசூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி வைத்தேன். எத்தனையோ தொழிற்சாலை, எத்தனையோ விடுதி. இன்றுவரை தகவல் இல்லை.

பவித்ரா, உன் பெயரை மாற்றியிருக்கிறேன், ஆனாலும் இது நீதான் என்று உனக்குத் தெரியும். அந்த வாக்கியம், ‘எனக்குத் தவறு செய்தவர்களை எளிதில் மன்னித்துவிடுவேன்.’ மேடம் படித்து முடித்ததும் உன் அம்மா நீண்ட நேரம் யோசிக்கவில்லை. உடனே சொன்னாள்.

“மத்தவங்களப் பத்தித் தெரியல மேடம். எம் பொண்ணு இன்னா பண்ணாலும், இன்னா சொன்னாலும், நான் அத மனசுல வெச்சிக்க மாட்டேன்.”

அதாவது என்று மேடம் கேட்டார்.

“அதுமேல எனக்குக் கோவமே வராது” என்றாள்.